சாலவாக்கத்திலிருந்து கப்பலுக்கு இரண்டு கவர்

காலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டினேன். திருவொற்றியூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில். கையில் ஒரு பை. அதில் ஒரு துண்டும் ஒரு கிலோ பேரீச்சம்பழமும் இருந்தன.

நான் நிலக்கரி ஏற்றும் கப்பலில் சமையல்காரன். கப்பலில் எங்களைப் பண்டாரி என்பார்கள். லீவு முடிந்துவிட்டது. அதே கப்பலுக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் கொழும்புக்கு விமானம். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும், போட்டில் போய் ஏறிக்கொள்ள வேண்டும்.

கப்பலேறப் போகிறவனுக்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. கப்பலில் இருக்கிறவர்களில் யார் வீடு போய் வருகிற தூரத்தில் இருக்கிறதோ, அங்கே போய்க் கடிதம் வாங்கி வர வேண்டும். ஊறுகாய், தைலம், பிள்ளைகள் போட்டோ எல்லாம் அப்புறம். முதலில் கடிதம்; தபாலில் வருவது ஏதாவது துறைமுகத்தில்தான் கைக்குக் கிடைக்கும். வெறுங்கையோடு ஏறினால் சாப்பாட்டு மேஜையில் எவனும் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

இந்த முறை ஒரே வீடு. ஏழுமலை வீடு. அவன் எஞ்சின் ரூமில் ஆயிலர், எந்திரங்களுக்கு எண்ணெய் பார்க்கிறவன். ஊர் உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்துக்கு உள்ளே. நான் லீவில் வந்தபோதே அவன் சரியில்லை. போன வாரம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தான்.

"பண்டாரிண்ணா, வூட்லேர்ந்து லெட்டர் வந்து நாலு போர்ட்டு ஆச்சு. கேட்டா வேலை ஜாஸ்தின்றா. இன்னான்னு புரியல. தூக்கமே வர்ல. கேப்டனாண்ட சொல்லிட்டேன், கொழும்புல எறங்கிடுறேன். நீ வரும்போது லெட்டரோட வந்தீன்னா அப்பால பாக்கலாம்."

ஒப்பந்தத்தின் நடுவில் இறங்குகிறவனைக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. இந்த ஒப்பந்தத்தை முடித்தால் அவனுக்கு ஆயிலருக்கு மேல் படி, மோட்டார்மேன் வேலை. பல வருஷம் எண்ணெய்க்குள் கிடந்தவன். கடிதம் கிடைத்தால் இருப்பான், கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கப்பலில் இப்போது நெட் இருக்கிறது. அளந்து கொடுப்பார்கள். நடுக்கடலில் ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ ஆறிவிடும். பேசினாலும் என்ன பேசுகிறோம்? சாப்ட்டியா, சாப்ட்டேன், எல்லாம் நல்லாகீறாங்க. அதோடு கட். கடிதத்தை மடித்து வைத்து நாளைக்கும் படிக்கலாம். எஞ்சின் ரூம் சத்தத்தில் போன் கேட்காது. கடிதம் கேட்கும்.

எனக்கு ஆட்களின் மனசு தெரியாது. தட்டு தெரியும். வீட்டுக் கடிதம் வந்தவன் இரண்டாம் தடவை சோறு கேட்பான். வராதவன் மீனைக் கிளறிவிட்டு எழுந்து போவான். ஏழுமலை தட்டு, நான் லீவுக்குக் கிளம்பும் வரைக்கும் பாதிதான் காலியானது.

ஏழரை மணிக்குச் செங்கல்பட்டு. ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் நாலு இட்லி, ஒரு வடை. நாற்பது ரூபாய். சாம்பார் சூடாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உத்திரமேரூர் பஸ் எட்டேகாலுக்குக் கிளம்பியது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பாலாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. எதிரில் வந்ததெல்லாம் எம்-சாண்ட் லாரி. தார்ப்பாய் போட்டும் தூசி பறந்தது. ஜன்னல் ஓரம் இருந்தவர் சீட்டைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசா? மூக்க மூடிக்க. கல் தூசி."

"எனுக்கு கரித்தூசியே பழக்கம்."

"அப்போ வெள்ளையடிச்சிக்க," என்றார்.

தை மாதம். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டின் ஒரு பக்கத்தை நெல் காயப்போட்டு அடைத்துவிட்டார்கள். பஸ் மறுபக்கமாகப் போனது. டிரைவர் கோபப்படவில்லை. அவர் நெல்லும் எங்கேயோ காய்ந்துகொண்டிருக்கும்.

உத்திரமேரூரில் ஒன்பதரைக்கு இறங்கினேன். பஜாரில் பாய் கடையைத் தேடினேன். பெயர்ப்பலகை பார்க்கத் தேவைப்படவில்லை. நோட்டு, பேனா, பூட்டு, எலிப்பொறி எல்லாம் தொங்கும் கடை என்று ஏழுமலை பெண்டாட்டி ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். அப்படியே தொங்கியது. பாய்க்கு அறுபது வயது இருக்கும். கோடு போட்ட பேப்பரும் கவரும் கேட்டேன்.

"லெட்டர் எழுதறதுக்கா?"

"ஆமா பாய். சாலவாக்கம் பக்கம் அமுலுன்னு ஒரு பொண்ணு..."

"கப்பல்காரர் சம்சாரமா? அந்தம்மா ரொம்ப நாளா இந்தாண்ட வர்ல. அதுக்குன்னே ஒரு கட்டு வாங்கி வச்சிகினு கீறேன். இந்த பஜார்ல லெட்டருக்குன்னு பேப்பர் வாங்கறது அது ஒண்ணுதான். மத்தவங்கல்லாம் ஜெராக்ஸுக்கு." உள்ளே போய் எடுத்துவந்தார். மூலை கொஞ்சம் கடிபட்டிருந்தது. "எலி ஆரம்பிச்சிட்டுது. அது முடிக்கறதுக்குள்ள இட்டுகினு போ."

"எலிப்பொறி விக்கிறீங்களே பாய்."

"விக்கறதுக்குத்தான் வச்சிகீறேன்."

பேப்பர், கவர் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு ரூபாய்.

பத்து மணி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். கண்டக்டர் என்னிடம் வந்து, "டிக்கெட் எடுக்கறவரு நீங்க ஒருத்தர்தான். நல்லா சாஞ்சி ஒக்காருங்க, முதலாளி," என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மா, "அவரு குட்த்த துட்லதான் வண்டியே ஓடுது பாரு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பத்து ரூபாய்க்கு எனக்கு அந்த மரியாதை.

சாலவாக்கம் தாண்டி ஒரு கூட்ரோட்டில் இறங்கினேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. யாரையும் வழி கேட்கவில்லை. எனக்கு வழி தெரியும்.

எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி. பிரியாணி முடிந்ததும் அமுலு எழுதிய கடிதத்தை ஏழுமலை மெஸ்ஸில் சத்தமாகப் படிப்பான். எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஒரு நாள் படித்துச் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் என்ன என்று கேட்டான், அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேர். மற்றவர்களுக்கு ஃபிட்டர் அப்பாராவ் தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்துச் சொல்வான். அந்தப் பெண் ஆறு பக்கம் எழுதும். ஏரி எவ்வளவு நிரம்பியது, மோட்டாரில் காயில் எரிந்தது, மகள் சைக்கிளிலிருந்து விழுந்தது, வரப்புச் சண்டை, கருப்பி என்கிற எருமை சினையாக இருப்பது. கரித்தூசிக்குள் பதினான்கு பேர் அந்த எருமைக்காகக் காத்திருந்தோம். பெண் கன்றா, கடாக் கன்றா என்று பந்தயம். தோற்ற கட்சி ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும். நான் பெண் கன்றுக் கட்சி. பந்தயம் முடிவாகாமலே கடிதம் நின்றுபோனது.

அப்பாராவ் அந்த ஊரை மெஸ் மேஜையில் சாக்பீஸால் வரைந்தும் வைத்திருந்தான். அரசமரம். தண்ணீர்த் தொட்டி. வலது கைப்பக்கம் ஏரிக்கரை, இடது கைப்பக்கம் பம்புசெட். முடிவில் பச்சை கேட்.

அரசமரம் வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. சொந்த ஊருக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. ஏரி வலது கைக்கு வருகிற வழியில் திரும்பினேன். அரை மணி நேரம் நடந்தும் பம்புசெட் வரவில்லை. பச்சை கேட்டும் வரவில்லை. ஒரு கொல்லையில் அறுவடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு அவரைக் கேட்டேன்.

"ஏழுமலை வூடா? அது ஏரிக்கு அந்தாண்ட. நீ இன்னா, தலைகீழா வந்துகீற?"

அப்போதுதான் புரிந்தது. அமுலு எப்போதும் வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற மாதிரிதான் எழுதியிருக்கிறாள். அவளுக்கு வலது கை என்றால் வருகிறவனுக்கு இடது கை. பதினான்கு பேரும் அந்த ஊரைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்டிருந்தோம். வந்த வழியே திரும்பி நடந்தேன்.

பன்னிரண்டரைக்குப் பச்சை கேட். பச்சை என்று சொல்ல முடியாது, பாதி துரு. வீடு நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு அறை, மேலே ஓடு. வாசலில் எருமை கட்டியிருந்தது. ஏழுமலையின் அப்பா மோட்டார் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா?"

"கப்பல்லேர்ந்து வரேன், நைனா. பண்டாரி." ஏழுமலை அவரை அப்படித்தான் கூப்பிடுவான். எனக்கும் அதுவே வந்துவிட்டது.

"நீதானா அது? எங்க புள்ளைய ஊதி உட்டவன். போன தபா வந்தப்போ வேட்டி சுத்து எட்டல. வா, வா." பைப்பைக் கீழே போட்டார். "அமுலு, யாரு வந்துகீறாரு பாரு."

நான் எருமையைப் பார்த்தேன். வயிறு ஒட்டியிருந்தது. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "கருப்பி கன்னு போட்டுச்சா? இன்னா கன்னு?"

வாசற்படியில் வந்து நின்ற அமுலு காதில் அது விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகமாகத்தான் வந்தாள். அது மூடிக்கொண்டது.

"வாங்கண்ணா," என்றாள். "உங்களுக்கும் தெரியுமா இது பேரு?"

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். லெட்டர் வேண்டும் என்றேன்.

"நான் இனிமே எழுதறதா இல்லண்ணா."

"ஏம்மா?"

"நான் என் வூட்டுக்காரருக்குத்தான் எழுதனேன். ஊருக்கு எழுதல." தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு வீடியோல அவராண்ட பேசிகினு கீறேன். பின்னாலேர்ந்து ஒர்த்தன் தலைய நீட்டி, வதினா, கருப்பி கன்னு போட்டாச்சான்னு கத்தறான். சுத்தி நாலு பேரு சிரிக்கறான். அப்பதான் தெரிஞ்சிது, நான் எழுதறதெல்லாம் அங்க ரேடியோ மாதிரி ஓடுதுன்னு. ஒடம்பே கூசிப் போச்சி. கட் பண்ட்டேன்."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. நானும் சிரித்தவன்தான். கத்தினது அப்பாராவ்; தெலுங்கில் வதினா என்றால் அண்ணி. படம் போனதும் சிக்னல் போச்சு என்று நினைத்தோம். அவன் வானத்தைப் பார்த்துத் தெலுங்கில் திட்டினான்.

"ஏழுமலையாண்ட ஏன் சொல்லல?"

"நடுக்கடல்ல கீற ஆளாண்ட சண்டை போட சொல்றீங்களா? போன்ல சண்டை போட்டா பாதியில கட்டாயிடும். மீதி சண்டைய யாரு போடறது?"

பெரியவர் சிரித்தார். அமுலு சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இன்னா இன்னா தெரியும்? சொல்லுங்க."

சொன்னேன். ஏரி, மோட்டார் காயில், மகளின் சைக்கிள், வரப்புச் சண்டை, பாய் கடையில் பேப்பர் விலை ஏறினது, நெல்லுக்கு மருந்து அடித்தது, எருமை. ஒவ்வொன்றுக்கும் அவள் தலை கொஞ்சம் குனிந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். சில எடத்துல கட்டை விரலை வச்சி மூடிக்குவான். எண்ணெக் கை. அந்த எடம் கறுப்பாயிடும். அங்க படிக்க மாட்டான்."

"நீங்கல்லாம் கேக்க மாட்டீங்களா?"

"விசில் அடிப்போம். அதுக்கு மேல கேக்க மாட்டோம்."

அவள் எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் எருமைக்கு வைக்கோல் போட்டாள். அதற்கு முன்னாலேயே நிறைய வைக்கோல் கிடந்தது.

"சரி. சாப்டுங்க," என்றாள்.

மதியச் சாப்பாடு. புதுநெல் அரிசிச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, ரசம், அப்பளம். குழம்பு நன்றாக இருந்தது. ரசத்தில் புளி ஜாஸ்தி. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அடுத்தவர் வீட்டு ரசத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மீதியைச் சொன்னேன். அவனே சொல்லியிருப்பான் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

"கொழும்புல எறங்கிடுறேன்றான். கேப்டனாண்ட சொல்லிட்டானாம். நாளன்னிக்கு சாயந்திரம் நான் ஏறும்போது அவன் எறங்குவான். பொட்டி கட்டி வச்சிருப்பான்."

"எறங்கினா?"

"வூட்டுக்கு வந்துடுவான். கம்பெனி மறுபடியும் கூப்டாது. மோட்டார்மேன் வேலை இல்ல."

"நான் எழுதலன்னா வந்துடுவாரு."

"வந்துடுவான்."

அவள் எங்களுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கொல்லைப் பக்கம் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் அப்பாதான் பேசினார். "வர்ட்டுமே. அறுப்புக்கு ஆளே கெடைக்கல."

"மாமா, சொம்மா இருங்க." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "எனுக்கு மட்டும் வேணாமா? ராத்திரி கதவைத் தட்டி அமுலுன்னு கூப்ட்டா வேணாம்னா சொல்லப் போறேன்?"

எழுது என்று சொன்னால், உன் புருஷனை அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன மாதிரி. மெஷின் ஒரு சுற்று போய் வந்தது. இன்னொரு சுற்றும் போய் வந்தது.

"கோச்சிகினு வர்ற ஆள நான் இன்னா பண்றது?" என்றாள் கடைசியில். "இங்க வந்து ஏரியப் பாத்துகினு ஒக்காருவாரு. என்னாலதான் போச்சின்னு வாயால சொல்ல மாட்டாரு, மூஞ்சால சொல்லுவாரு. முடிச்சிட்டு, சிரிச்சிகினு வரட்டும்." எழுந்தாள். "உங்க பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"கூட்ரோட்ல அஞ்சு மணிக்கு ஒண்ணு கீது."

"பேப்பர் தீந்து போச்சே."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எலி கடித்த மூலையைப் பார்த்தாள். "பாய் கடையா," என்றாள்.

நைனாவும் நானும் மொச்சைக்காய் உரித்தோம். அவள் உள்ளே அரிசி மூட்டை மேல் பலகையை வைத்து எழுதினாள். நடுநடுவில் குரல் வந்தது.

"ண்ணா, அன்னிக்கு கத்துனவரு பேரு இன்னா?"

"அப்பாராவ்."

"எந்த ஊரு?"

"பீமிலி. விசாகப்பட்டணம் தாண்டி."

"வேற யாரு யாரு கீறாங்க? ஒவ்வொர்த்தரா சொல்லுங்க."

சொன்னேன். ரத்னகிரிக்காரர் ஒருவர், கொல்லம் ஆள் இரண்டு பேர், வங்காளத்துக்காரர் மூன்று பேர். யாருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டாள். பாதிப் பேருக்கு எனக்குத் தெரியவில்லை. பல மாதம் சோறு போட்டிருக்கிறேன், அது தெரியவில்லை.

"உங்களுக்கு யாருண்ணா எழுதறாங்க?"

"யாரும் இல்லம்மா. சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு."

"அப்போ?"

"கேப்பேன். ஞாயித்துக்கெழமையில."

உள்ளே பேனா கொஞ்ச நேரம் ஓடவில்லை. பிறகு ஓடியது.

நைனா ஒரு மொச்சைக்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு, "கன்னு பின்னால கீது. போய் பாக்கறியா?" என்றார்.

"இன்னா கன்னு நைனா?"

"மாமா, சொல்லாதீங்க," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "லெட்டர்ல எழுதிகீறேன். அங்க போய் எல்லாரும் ஒண்ணா தெரிஞ்சிக்கட்டும்."

நான் போய்ப் பார்க்கவில்லை. பந்தயத்தில் நானும் இருக்கிறேன். பார்த்துவிட்டுப் போனால் அது சரியில்லை.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். கையில் இரண்டு கவர். ஒன்று தடிமன். அதைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். ஓரத்தில் ஒரு பருக்கை பிதுங்கி நின்றது. இன்னொன்று ஒட்டவில்லை.

"ஒட்டினது அவருக்கு. ஒட்டாதது உங்களுக்கெல்லாம். மாத்திக் குட்த்துடாதீங்க."

"சரிம்மா."

"ஒட்டலன்னு வழியில படிச்சிடாதீங்க. பிரியாணிக்கு அப்பாலதான்."

இரண்டையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பேரீச்சம்பழத்தைக் கொடுத்தேன். நைனா ஒரு பை மொச்சை கொடுத்தார். கேட் வரைக்கும் வந்த அமுலு, "ஏரி எடது கையில வரணும், இல்ல, இருங்க, நீங்க போம்போது வலது கையில," என்றாள். நான் காலையில் சுற்றினதை நைனாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். நான் வந்த பிறகு அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

போகும்போது எல்லாம் கடிதத்தில் இருந்தபடியே வந்தது. வலது கையில் ஏரி, இடது கையில் பம்புசெட். தண்ணீர் கரை வரைக்கும் நின்றது. மடையில் இரண்டு பேர் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஸ் மேஜையில் சாக்பீஸ் கோடாக இருந்த ஊர் நீளமாகப் படுத்துக்கிடந்தது. ஐந்து மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். லாரித் தூசி வந்தபோது பையின் வாயைத்தான் முதலில் மூடினேன், மூக்கை அப்புறம்.

திருவொற்றியூர் வந்து பூட்டைத் திறந்தேன். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் விமானம். அதற்கு அடுத்த நாள் சாயந்திரம் கொழும்புக்கு வெளியே, போட்டில் ஒரு மணி நேரம். அலை கொஞ்சம் இருந்தது. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறினேன். மேலே ஏழுமலை நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவன் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நான் வந்த போட் அரை மணி நேரம் நிற்கும். இறங்குகிறவன் அதில்தான் இறங்க வேண்டும்.

அவன் என் கையைப் பார்த்தான். ஒட்டின கவரைக் கொடுத்தேன்.

"ஒட்டிகீது," என்றான்.

"உனுக்குத்தான். மத்தவங்களுக்குத் தனியா கீது."

பிதுங்கிய பருக்கையை விரலால் தொட்டான். காய்ந்து கெட்டியாகியிருந்தது. கவரை எடுத்துக்கொண்டு புகைபோக்கிப் பக்கம் போனான். போட்டுக்காரன் கீழேயிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அப்பாராவ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

ஏழுமலை வந்தான். கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். போகிற போக்கில் அப்பாராவ் மண்டையில் ஒரு தட்டு தட்டினான். "எல்லாம் உன்னாலதான்டா."

போட் காலியாகப் போனது. கேப்டன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி மொச்சைக் குழம்பு வைத்தேன். ஏழுமலை இரண்டாம் தடவை சோறு கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு ஒட்டாத கவரைப் பிரித்தோம். இந்த முறை ஏழுமலை விரல் வைத்து எங்கேயும் மூடவில்லை. முதல் வரியே இதுதான்:

"கப்பல்ல இருக்கிற எல்லாருக்கும் அமுலு எழுதறது. கருப்பி போட்டது பெண் கன்று. அப்பாராவ் அண்ணன் இனிமேல் போனில் கத்த வேண்டாம், கேட்கிறதைக் கடுதாசியில் கேட்கவும்."

அப்பாராவ் கடாக் கன்றுக் கட்சி. அவன் கட்சி முழுக்க எழுந்து பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போகிற மாதிரி நடித்தது. மேஜையில் சாக்பீஸ் கோட்டை அழித்து ஏரியை மறுபக்கம் வைத்தேன். பாதிப் பேர் நம்பவில்லை.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. "என் வீட்டைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இது நியாயம் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுதி அனுப்பினால்தான் அடுத்த கடுதாசி. தமிழ் தெரியாதவர்களுக்கு என் வீட்டுக்காரர் எழுதித் தரட்டும். பண்டாரி அண்ணன் எங்கள் வீட்டு ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்தார். புளி ஜாஸ்தி என்று அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்தது. அடுத்த லீவுக்கு நேராக இங்கே வந்து அவரே ரசம் வைக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். நானும் சொல்கிறேன்."

அன்று சாயந்திரம் மெஸ்ஸில் டிவி ஓடவில்லை. எல்லாரும் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாராவ் இரண்டு பக்கம் முடித்துவிட்டான். வங்காளத்துக்காரர்கள் சொல்லச் சொல்ல ஏழுமலை எழுதிக்கொண்டிருந்தான். நானும் ஒரு பேப்பர் எடுத்தேன். திருவொற்றியூர் வீட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பூட்டு, டம்ளர். பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்.

"அமுலு தங்கச்சிக்கு. நாலு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும். மீதியை வந்து சொல்கிறேன்."